வரவேற்பு மேடைக்கு மொத்தமாகப் பூ வாங்குவது

தங்கையின் திருமண வரவேற்புக்கு ரோஜாவும் ஜெர்பராவும் கோயம்பேட்டில் மொத்தமாக வாங்கி, மேடையை வீட்டாரே அலங்கரிக்கப் போவதாகவும், ஞாயிறு மாலைக்கு எப்போது வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். சனிக்கிழமை விடியற்காலையிலேயே வாங்கிவிடுங்கள்; ஓசூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியில் தண்ணீரின்றி வரும் ரோஜா, நீரை உறிஞ்சி நிமிரவும் மொட்டு விரியவும் ஓர் இரவாவது வேண்டும். ரோஜாக் கட்டு ஒன்றை வாங்குமுன், பூவின் அடிப்பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் புதுப் பூ, மெத்தென்று அமுங்கினால் பழையது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும், தண்ணீரில் மூழ்கக்கூடிய இலைகளை நீக்கி, காம்பின் நுனியைக் கூரான கத்தியால் சாய்வாக ஓர் அங்குலம் நறுக்கி, சுத்தமான வாளியில் உடனே நிறுத்துங்கள். ஜெர்பராவுக்கு மட்டும் நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். மென்மயிர் படர்ந்த அதன் காம்பு ஆழமான நீரில் எளிதில் அழுகிவிடும். வாழைத்தார் வைத்திருக்கும் அறையில் வாளிகளை வைக்காதீர்கள், பழுக்கும் பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரமே வாட்டிவிடும். கல்யாண வீட்டில் பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மேடையில் பூக்காம்புகளைச் செருகி நிறுத்தும் ஓயாசிஸ் பஞ்சைக் கையால் அமுக்காமல் தண்ணீரில் தானாக மூழ்க விடுங்கள், இல்லையேல் நடுப்பகுதி நனையாமலே நின்றுவிடும். ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் விலை ஏறும். வியாபாரியிடம் இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.