ஸ்கேன் கருவி வந்தால் போதுமா? மூளை நோய் ஆய்வு குறித்துக் கேள்வி பதில்

வருமானம் குறைந்த நாடுகளில் மூளை, நரம்பு நோய் ஆராய்ச்சியை வளர்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பணக்கார நாடுகளில்தான் ஆராய்ச்சி நடக்கிறதே. முடிவுகளை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டால் என்ன?

எல்லா நோயும் அங்கே இருந்தால் சரி. வலிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஏறக்குறைய 80 சதவீதத்தினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். பன்றி நாடாப்புழு பரவியிருக்கும் பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதத்தினருக்கு அந்தப் புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவதுதான் காரணம். புழுவே இல்லாத ஊரில் இருப்பவருக்கு இது தலைபோகிற கேள்வியாகத் தோன்றாது. பெரு நாட்டுக் குழுவுக்குத் தோன்றியது. தும்பெஸ் பகுதியில் மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டுப் பரவலை நிறுத்த முடியும் என்று காட்டினார்கள். முடிவு 2016இல் வெளியானது.

எங்கள் துறைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. கிடைத்தால் நாங்களும் உலகத் தரத்தில் செய்வோம். சரிதானே சார்?

பாதி சரி. மலாவியின் பிளான்டைர் நகரத்துக்கு 2008இல் எம்.ஆர்.ஐ. வந்தது. மூளை மலேரியாவில் குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள் என்று அதுவரை தெளிவில்லை. 2015இல் வந்த ஆய்வில் இறந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அப்படி. கருவி இல்லாமல் இது தெரிந்திருக்காது.

ஆனால் அங்கே கருவிக்கு முன்பே பல ஆண்டுகளாக அந்த நோயையே பார்த்துவந்த குழு இருந்தது, கேள்வியும் தயாராக இருந்தது. உங்களிடம் படத்தைப் படிப்பவர் யார், மின்சாரம் போனால் என்ன வழி, பழுதானால் பொறியாளர் எங்கிருந்து வருவார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டு விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் கருவிக்குத் துணி போர்த்தி வைக்க வேண்டியதுதான்.

மறதிநோய்க்கான கேள்வித்தாளைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. பள்ளிக்கே போகாத பாட்டியிடம் பென்சிலைக் கொடுத்து, அந்தத் தாளில் வரும் ஐங்கோணத்தைப் பார்த்து வரையச் சொன்னால், மறதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடுமாறுவார். 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு இந்தச் சிக்கலைத்தான் கையில் எடுத்தது. மறதிநோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதுதான் பெயரின் பொருள். படிப்பறிவைப் பொறுத்து முடிவு மாறாதபடி கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். வீட்டாரிடம் விசாரிப்பதும் அதில் ஒரு பகுதி. ‘போன வருஷம் தானே செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டார்?’ என்று மகளிடம் கேட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்.

வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனவர்கள் திரும்புவதே இல்லையே? (முதுகலை மாணவி)

திரும்பினால் என்ன காத்திருக்கிறது என்று பாருங்கள், அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் 2017 கணக்குப்படி, நரம்பியல் துறையில் பணக்கார நாடுகளில் லட்சம் பேருக்கு 7.1 பேர், ஏழை நாடுகளில் 0.1 பேர், அதாவது பத்து லட்சம் பேருக்கு ஒருவர். அந்த ஒருவர் வெளிநோயாளர் வரிசையை முடித்துவிட்டு எப்போது ஆராய்ச்சி செய்வார்? சம்பளத்தைவிட இதில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் நோயாளி பார்க்கும் பொறுப்பிலிருந்து விடுவிப்பு வேண்டும், அதுவும் எழுத்தில். முனைவர் பட்டத்தையும் சொந்த ஊர்த் தரவிலேயே செய்துவிட்டு, வெளியே சில மாதங்கள் மட்டும் நுட்பம் கற்று வருவது நல்லது. வேர் இங்கேயே இருக்கும்.

மாதிரிகளை அனுப்பிவிட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும்?

ஒப்பந்தத்தில் எழுதியது மட்டும் மிஞ்சும். வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் ரத்தம்தான் 1993இல் ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோயின் மரபணுவைக் கண்டுபிடிக்க உதவியது. அறிவியலுக்குப் பெரிய வெற்றி. அந்தக் குடும்பங்களில் பலர் வறுமையிலேயே இருந்தார்கள். ரத்தம் எங்கே இருக்கும், எத்தனை ஆண்டு, அடுத்த ஆய்வுக்கு யாரிடம் அனுமதி, முதல் ஆசிரியர் யார், எல்லாவற்றையும் முதல் குழாய் நிரம்பும் முன்பே எழுதுங்கள். பிறகு கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

நிதி?

அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஃபோகார்ட்டி மையம் 2003 முதல் வருமானம் குறைந்த நாடுகளின் மூளை நோய் ஆய்வுக்கெனத் திட்டம் நடத்தியிருக்கிறது. ஒரு விஷயம் கவனியுங்கள். அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிர்வாகச் செலவாக நெடுங்காலம் 8 சதவீதம்தான் கிடைத்தது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு 50 சதவீதத்துக்கும் மேல். கணக்காளர், தரவு மேலாளர் சம்பளத்தையெல்லாம் அந்த எட்டிலிருந்தே பிழிய வேண்டியிருந்தது. விதிகள் மாறிக்கொண்டே வருவதால் அழைப்பை வரிவரியாகப் படியுங்கள்.

பணமும் இல்லை, கூட்டாளியும் இல்லை. மாவட்ட மருத்துவமனையில் எதைத் தொடங்கலாம்?

வலிப்புப் பதிவேடு. ஃபீனோபார்பிட்டல் என்ற வலிப்பு மருந்து 1912 முதல் புழக்கத்தில் இருக்கிறது, விலையும் மலிவு. இருந்தும் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பங்கினருக்குத் தேவையான சிகிச்சை எட்டவில்லை. உங்கள் நோயாளி எந்த மாதம் வராமல் போனார், ஏன்? மருந்து தீர்ந்துவிட்டதா, பேருந்துக்குக் காசில்லையா, பூசாரி வேண்டாம் என்றாரா? முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். பிறகு ஓர் ஆண்டு விடாமல் எழுதுங்கள். பதிவேட்டில் ஏழு கட்டங்களுக்கு மேல் வேண்டாம், செவிலியர் நிரப்ப மாட்டார்.