தாய்ப்பாலா, புட்டிப்பாலா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பச்சிளம் குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பற்றியே இருந்தன. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதியவர்கள் நிறைய பேர் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உங்களுக்கு நீண்ட முன்னுரை வேண்டாம், நேரே பதிலுக்குப் போகலாம்.

எட்டாவது மாதம் நடக்கிறது. தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலில் தொடங்கிவிட்டுப் பிறகு புட்டிக்கு மாறுவது எளிது. சில வாரங்கள் கொடுக்காமல் விட்டுவிட்டு மறுபடி பால் சுரக்க வைக்க முடியும், ஆனால் அது பெரும்பாடு. அதனால் மனம் ஊசலாடினால் தாய்ப்பாலில் தொடங்குங்கள் என்பேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கி, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, அப்புறம் மற்ற உணவுகளோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதைக் கேட்டதும் மலைப்பாக இருக்கிறதா? முதல் சில நாட்களை மட்டும் நினையுங்கள். அப்போது வரும் சீம்பால் மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதில் செறிந்திருக்கின்றன. அதோடு நிறுத்திக்கொண்டாலும் அந்தச் சில நாட்கள் வீண் இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் காதுத் தொற்றும் குறைவாகவே வருகின்றன. தாய்க்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது.

சிலர் கொடுக்கவே கூடாது. குழந்தைக்குக் கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறை இருந்தாலோ, தாய் புற்றுநோய்க்கான கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்தாலோ தாய்ப்பால் தவிர்க்கப்படும். எச்ஐவி உள்ளவர்கள் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

குழந்தை பிறந்து மூன்று நாள். பாலே இல்லை, குழந்தை ஓயாமல் மார்பைத் தேடுகிறது. வீட்டில் எல்லோரும் பவுடர் பால் கொடு என்கிறார்கள். என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இப்படிப் பயந்துதான் பலர் முதல் வாரத்திலேயே தாய்ப்பாலைக் கைவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. சீம்பால் அதற்குப் போதும். பால் நிறைந்து வருவது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் சற்றுத் தாமதமாகலாம். குழந்தை ஓயாமல் சப்புவதால்தான் பால் சுரக்கவே செய்கிறது. எடுக்க எடுக்க ஊறும், எடுக்காமல் விட்டால் வற்றும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுப்பது வழக்கமான கணக்கு.

அடுத்து, குழந்தை எப்படிப் பற்றியிருக்கிறது என்று பாருங்கள். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்விக்கொண்டால் உங்களுக்கு உயிர் போகிற வலி, குழந்தைக்குப் பால் இல்லை. அப்போது உங்கள் சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் மெல்ல நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடி வைத்துப் பாருங்கள். சரியாகப் பற்றிவிட்டால் சப்புகிற வேகம் நிதானப்படும், மிடறு விழுங்கும் சத்தம் மெதுவாகக் கேட்கும். தயங்காமல் ஒரு செவிலியரையோ தாய்ப்பால் ஆலோசகரையோ அருகில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட உதவியில் மாறிப்போன தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

போதுமா என்பதை டயப்பர் சொல்லிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நன்றாக நனைய வேண்டும். கருப்பாக இருந்த மலம் மஞ்சளாகியிருக்க வேண்டும். முதல் நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

சரி, பவுடர் பால் எப்போது? எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், குழந்தை சோர்ந்து பாலுக்கே எழாமல் தூங்கினால், சிறுநீர் குறைந்தால், உடல் மஞ்சளித்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. கூடவே மார்பிலும் வையுங்கள், பம்ப் செய்யுங்கள், சுரப்பு நிற்காது.

என் மார்பகம் சிறியது. பால் குறைவாகத்தான் வருமா?

அப்படி இல்லை. மார்பகத்தின் அளவை நிர்ணயிப்பது பெரும்பாலும் கொழுப்பு. பால் சுரப்பிகள் வேறு.

மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துத் தவிப்பவர்கள் அதிகம். பகலில் புட்டி, காலையிலும் இரவிலும் மார்பு என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்பில் குடிக்க நன்றாகப் பழகிய பிறகு, அதாவது மூன்று நான்கு வாரம் கழித்து, புட்டியை அறிமுகப்படுத்துங்கள். முதல் சில முறை வேறு யாராவது கொடுக்கட்டும். உங்கள் வாசனை பக்கத்தில் இருந்தால் பல குழந்தைகள் புட்டியைத் தள்ளிவிடும்.

பம்ப் செய்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாளும் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்தி வைத்தால் போதும்.

குழந்தைக்கு மலம் இறுகிப் போகிறது. பவுடர் பாலைக் கொஞ்சம் நீர்க்கக் கலக்கலாமா? காலையிலேயே மொத்தமாகக் கலந்து வைக்கலாமா?

நீர்க்கக் கலக்கவே கூடாது. தண்ணீர் கூடினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, வலிப்பு வரை போகலாம். கெட்டியாகக் கலப்பதும் ஆபத்துதான். டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியால், தலைதட்டி, டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி மட்டும். மலம் இறுகுவதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் பவுடரைக் கலக்க வேண்டும். கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாதீர்கள். கலந்ததும் புட்டியைக் குளிர்ந்த நீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலந்து 2 மணி நேரம் ஆனதையும், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததையும் கொட்டிவிடுங்கள். அவ்வப்போது கலப்பதுதான் நல்லது. முடியவே இல்லை என்றால், உடனே ஆற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாமா?

பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பொதுவாகப் பரவாயில்லை. மற்ற எந்த மருந்தையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். மார்பு சிவந்து, கட்டியாகி, அதனால் காய்ச்சல் என்றால் மருத்துவரைப் பாருங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

எவ்வளவோ முயன்றும் முடியாமல் முழுக்கப் புட்டிக்கு வந்துவிட்டேன். குழந்தைக்கும் எனக்கும் நெருக்கம் குறைந்துவிடுமா? நினைத்தாலே அழுகை வருகிறது.

குறையாது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறு வாரம் பம்பும் கையுமாக இருந்திருக்கிறீர்கள். அந்தக் குழந்தை பசியில் வாடவில்லை, அதற்கு நீங்கள்தான் காரணம். அழுகை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது எதிலும் ஒட்டாத மாதிரி இருந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சட்டையைத் தளர்த்தி, குழந்தையை வெற்று மார்போடு அணைத்துக்கொண்டே புட்டிப்பால் கொடுக்கலாம். தலை சற்று உயர்ந்திருக்கட்டும், புட்டியைக் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டில் பிடியுங்கள், பால் மளமளவென்று கொட்டாது. நடுவில் நிறுத்தி மூச்சுவிட நேரம் கொடுங்கள். பாதியில் கை மாற்றிக்கொண்டால் குழந்தை உங்கள் முகத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கும். புதுக் குழந்தையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற தூரம் ஏறத்தாழ உங்கள் மார்பிலிருந்து முகம் வரைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று அர்த்தம், மிச்சத்தைத் திணிக்க வேண்டாம். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தலையணையில் புட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மட்டும் நகராதீர்கள், புரையேறிவிடும்.