குதிரைக்கும் இடம் உண்டா?

கேள்வி: குதிரையோடு போய் இரவு தங்க முகாம் தேடுகிறேன். ‘குதிரைக்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருந்தால் போதுமா?

பதில்: போதாது. அதை நம்பிப் போய், “பகல் சவாரிக்கு மட்டும்தாங்க” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவள் நான். முதலில் போன் போட்டுக் கேளுங்கள்: ராத்திரி எங்கே கட்டுவது? குதிரையை ஏற்றி வரும் டிரெய்லரைத் திருப்ப இடமிருக்கிறதா? தண்ணீர் எவ்வளவு தூரம்? ஒரு குதிரை நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வாளியில் சுமந்தால் தோள்பட்டை சொல்லும்!

மரத்தில் நேராகக் கட்டாதீர்கள். என் குதிரை ஒரே ராத்திரியில் பட்டையைக் கடித்து உரித்து, வேரடி மண்ணையும் குளம்பால் பறித்துவிட்டது. இரண்டு மரங்களுக்கு அகலமான நாடா சுற்றி, குதிரையின் தலைக்கு மேலே கயிறு இழுத்து அதில் கட்டுங்கள். களை விதை இல்லாத உலர்புல்லை மட்டுமே அனுமதிக்கும் இடங்களும் உண்டு. குதிரையின் சாணத்தை வார மண்வாரி உங்களுடையதே இருக்கட்டும்.