கிழித்த பக்கம்

அன்புள்ள ஐயா,

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காக என் எட்டாம் வகுப்பு மாணவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றேன். வேப்பமரத்தில் அமர்ந்திருந்த பறவையை வல்லூறு என்று சொல்லிக்கொடுத்தேன். படத்தைப் பார்த்த நண்பர், அது அக்காக்குயில் என்றார். வெட்கமாகிவிட்டது. இணையத்தில் ஏற்றிய பதிவை நீக்கிவிட்டேன். மாணவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. இத்தகைய பிழை இனி நேராமலிருக்க எந்த பைனாகுலர் வாங்கலாம்?

— ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

8×42 வாங்குங்கள், போதும்.

அக்காக்குயிலை வல்லூறு என்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாம்பல் முதுகு, வரியோடிய வயிறு, பட்டை போட்ட வால், பறக்கும் விதம் எல்லாமே வல்லூறின் சாயல்தான். அது வந்து அமர்ந்தால் சிறு குருவிகள் பதறுகின்றன. உயிருக்குப் பயந்து பார்க்கிற அவையே ஏமாறும்போது நீங்கள் எம்மாத்திரம்? கோடையாக இருந்தால் ஓயாமல் கத்தித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கும். தை மாதத்தில் பெரும்பாலும் வாய் திறக்காது. அலகைப் பார்த்திருக்கலாம். வல்லூறுக்குக் கொக்கிபோல் வளைந்த குட்டை அலகு, இதற்கு மெலிந்து நீண்ட அலகு. அடுத்த முறை பார்ப்பீர்கள்.

ஆனால் ‘நீக்கிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

இருபது வயதில் நானும் இதே பறவையிடம் ஏமாந்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில், ஒரு கருவேல மரத்தில். நோட்டில் ‘வல்லூறு, ஆண்’ என்று எழுதினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, “அது குயில் சாதி தம்பி. தவிட்டுக்குருவிக் கூட்டில்தான் முட்டையிடும். சித்திரையில் வந்து கேள்” என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சித்திரையில் அதே மரத்திலிருந்து, படிப்படியாக ஏறி உச்சத்தில் அறுந்துபோகும் அந்தக் குரல் வந்தது. அன்றிரவே பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எதைப் பார்த்து ஏமாந்தேன் என்பது அந்தப் பக்கத்தில் இருந்தது. வயிற்று வரிகளா, வாலா, குருவிகளின் பதற்றமா? இன்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சரியாக எழுதிய பக்கங்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. நான் தேடுவது அந்த ஒன்றைத்தான்.

இணையத்தில் தவறான பெயர் நிற்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாக, பாடம் செய்த ஒரு காட்டுச் சிற்றாந்தையின் மேல் பிரிட்டிஷ் பறவையியலாளர் மெய்னர்ட்ஸ்ஹாகன் ஒட்டிய பொய்ச்சீட்டு, அந்த ஆந்தையைத் தேடியவர்களை வேறு ஊருக்கு அலையவிட்டது. 1997இல் மகாராஷ்டிரத்தில்தான் அது மீண்டும் கண்ணில் பட்டது. ஆகவே பெயரைத் திருத்தியிருக்க வேண்டும். நீங்கள் நீக்கினீர்கள். அந்த வேப்பமரத்தில் ஓர் அக்காக்குயில் உண்மையாகவே இருந்ததே ஐயா! உங்கள் வெட்கத்தால் அது கணக்கிலேயே இல்லாமல் போய்விட்டது. இன்றே மறுபடி ஏற்றுங்கள், சரியான பெயரோடும் படத்தோடும்.

மாணவர்களிடம் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். நோட்டில் எழுதியதை ரப்பரால் அழிக்க விடாதீர்கள். ‘வல்லூறு’ மேல் ஒரு கோடு, பக்கத்தில் ‘அக்காக்குயில்’, கீழே தேதி. சித்திரையில் அதே வேப்பமரத்தடிக்கு அவர்களை அழைத்துப் போங்கள். பள்ளி விடுமுறைதான், இருந்தாலும் கூப்பிட்டால் வருவார்கள்.