பாப் ஸ்மியரில் ஹெர்பிஸ் என்று வந்தால்…

கேள்வி: வயது 34. வெள்ளைப்படுதலுக்காக டாக்டரிடம் போனபோது பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் டெஸ்ட்) எடுத்தார்கள். ‘ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸுக்கு ஒத்துப்போகும் செல் மாற்றங்கள்’ என்று ரிப்போர்ட் வந்தது. எனக்குப் புண், எரிச்சல் எதுவும் இல்லை. பயத்தில் நானே லேபில் ரத்தம் கொடுத்தேன், ஐஜிஎம் (தொற்று வந்ததும் முதலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ். இப்போது டாக்டர் கருப்பை வாயில் ஸ்வாப் எடுத்து பிசிஆர் செய்யணும் என்கிறார். ஒரே நோய்க்கு எத்தனை டெஸ்ட்? இது கேன்சரில் கொண்டுபோய் விடுமா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: முதலில் அந்த ஐஜிஎம் ரிப்போர்ட்டை ஓரமாக வையுங்கள். ஹெர்பிஸ் (உதட்டிலும் பிறப்புறுப்பிலும் புண் வரவைக்கும் வைரஸ், சுருக்கமாக எச்எஸ்வி) விஷயத்தில் அதை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கினாலும் பாசிட்டிவ் காட்டும், தொற்றே இல்லாவிட்டாலும் சில சமயம் காட்டும், வைரஸ் முதல் வகையா இரண்டாம் வகையா என்றும் ஒழுங்காகப் பிரித்துச் சொல்லாது.

பாப் ஸ்மியர் கதை வேறு. வைரஸ் புகுந்த செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, ஒரே உறைக்குள் பல உட்கருக்கள் மாதுளை முத்துகள் மாதிரி நெருக்கி அழுந்திக் கிடக்கும்; ஒவ்வொரு உட்கருவின் நடுவும் தேய்த்த கண்ணாடி போல மங்கி, சாயம் ஏறும் பொருளெல்லாம் விளிம்புக்கு ஒதுங்கியிருக்கும். பழகிய பெத்தாலஜிஸ்ட் இதைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். ஆனால் சின்னம்மை வைரஸும் இதே கோலத்தைத்தான் காட்டும், அழற்சி ஆறும்போது வரும் செல்களும் ஏமாற்றும். அதனால்தான் ‘ஒத்துப்போகும்’ என்று எழுதியிருக்கிறார், ‘இதுதான்’ என்று எழுதவில்லை. தொற்று இருந்தும் ஸ்மியரில் தெரியாமல் போவதும் நிறைய நடக்கும்.

முன்பு இதை உறுதி செய்ய கல்ச்சர்தான் வழி, அதாவது வைரஸை லேபில் வளர்த்துப் பார்ப்பது. 1962இல் ஜப்பானில் பச்சைக்குரங்கின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய வீரோ செல்கள் போன்றவற்றின் மேல் சாம்பிளை விட்டு, அந்த செல்கள் உருண்டு சிதைகின்றனவா என்று இரண்டு நாளிலிருந்து ஒரு வாரம் வரை காத்திருக்க வேண்டும். வைரஸ் உயிரோடு இருந்தால்தான் வளரும், புண் ஆறத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பிசிஆர் தேடுவது வைரஸின் டிஎன்ஏவை. கொஞ்சம் இருந்தாலும் போதும், உயிரோடு இருக்க வேண்டியதில்லை, சில மணி நேரத்தில் வகையையும் சொல்லிவிடும். வகை தெரிவது முக்கியம்: பிறப்புறுப்பில் முதல் வகை வந்தால் இரண்டாம் வகை அளவுக்குத் திரும்பத் திரும்ப வராது. உங்கள் டாக்டர் கேட்டது சரியான டெஸ்ட்.

ஒரு விஷயம், புண் இல்லாதவர்களிடம் வைரஸ் விட்டு விட்டுத்தான் வெளிப்படும், ஆகவே பிசிஆர் நெகட்டிவ் வந்தால் ‘எனக்கு இல்லவே இல்லை’ என்று அர்த்தம் இல்லை. அப்போது ரத்தத்தில் பார்க்க வேண்டியது வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருளை. அதுவும் தொற்றி 12 வாரம் வரை ஆகலாம் பாசிட்டிவ் ஆக. அப்புறம், ஸ்வாபுக்கு முன்பே கடையில் கேட்டு அசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்தை வாங்கிப் போடாதீர்கள், வைரஸ் அளவு குறைந்து ரிப்போர்ட் குழப்பிவிடும்.

கேன்சர் பயம் வேண்டாம். 1970களில் ஆராய்ச்சியாளர்களே இரண்டாம் வகை ஹெர்பிஸைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 1983இல் கருப்பை வாய்ப் புற்றில் எச்பிவி 16 என்ற வேறொரு வைரஸைக் கண்டுபிடித்தார், எச்பிவிதான் காரணம் என்று தெரிந்தது, 2008இல் நோபல் பரிசும் வாங்கினார். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது எச்எஸ்வி, எச்பிவி அல்ல. அதே ரிப்போர்ட்டை வைத்துக் கணவரைச் சந்தேகப்படவும் வேண்டாம், இந்த வைரஸ் சத்தமில்லாமல் பல வருடம் உடம்பில் கிடக்கும், எப்போது தொற்றியது என்று எந்த டெஸ்ட்டும் தேதி போட்டுத் தராது. கர்ப்பம் தரித்தால் மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: லேபில் வேலை பார்க்கிறேன். ஹெர்பிஸ் கல்ச்சருக்கு வந்த ஸ்வாபை ஃப்ரீசரில் வைக்கலாமா?
(ஒரு டெக்னீசியன், சேலம்)

பதில்: சாதாரண ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், மைனஸ் 20இல் வைரஸ் செத்துவிடும். 48 மணி நேரத்துக்குள் அனுப்புவதானால் 4 டிகிரி ஃப்ரிட்ஜ் போதும், அதற்கு மேல் தாமதமாகும் என்றால் மைனஸ் 70. மரக்குச்சி ஸ்வாபையும் கால்சியம் ஆல்ஜினேட் ஸ்வாபையும் ஒதுக்கிவிட்டு பாலியெஸ்டர் நுனி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.