மளிகைக்கு ஒரு கணக்கு, துணிக்கு ஒரு கணக்கா?

கேள்வி: பல வருஷமாக குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். வருஷத்துக்கு மூன்று முடித்தாலே பெரிது. ஆனால் துணி மட்டும் இரண்டு அலமாரி நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் பெட்டி பெட்டியாக இருக்கிறது. கணவர் எடை போட்டுப் பார்த்தார், 30 கிலோ! இத்தனைக்கும் என் சமையலறையில் யாரும் குறை சொல்ல முடியாது. மாவு டப்பாவில் வாங்கிய தேதி ஒட்டியிருப்பேன். பருப்பு தீரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது வாங்குவேன். எதுவும் வீணாகாது. சமையலறையில் இவ்வளவு கறாராக இருக்கிற நான் துணி விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி? மளிகைக்கு வைத்திருக்கிற சட்டத்தையே துணிக்கும் போடு, இருப்பது தீரும்வரை ஒரு துண்டுகூட வாங்காதே என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகி

பதில்: முதலில் மனதில் இருக்கும் உறுத்தலை இறக்கி வையுங்கள். நீங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம், மளிகையும் துணியும் இரண்டு விதமான பொருள்கள் என்பதுதான். சர்க்கரை இன்று தீர்ந்தால் நாளைக்கு அதே சர்க்கரை கிடைக்கும். பிரின்ட் துணி அப்படிக் கிடைக்காது. குவில்ட் துணி தயாரிப்பவர்கள் சீசனுக்குச் சீசன் புதுத் தொகுப்பு கொண்டுவருகிறார்கள். ஒரு டிசைன் விற்றுத் தீர்ந்தால் பெரும்பாலும் அதை மறுபடி அச்சிடுவதில்லை. பாதி தைத்த பிறகு இன்னும் அரை கெஜம் வேண்டும் என்று தேடி அலைந்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அப்படி ஒரு தடவை பட்டவர்கள், அடுத்த தடவை பிடித்த துணியைப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் வாங்குவார்கள். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம், கெட்டுப்போகிற விஷயம். உங்கள் சமையலறை ஒழுங்கில் பாதி உங்கள் குணம் என்றால், மீதி அந்தப் பொருள்களே போட்டுவைத்த கட்டுப்பாடு. முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் இருப்பதால் சில மாதங்களில் காறல் வாடை வந்துவிடும். பேக்கிங் பவுடர் வீரியம் இழக்கும். ரொம்பப் பழைய பருப்பும் பயறும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. இதெல்லாம் நடக்கும் என்று தெரிவதால்தான் தேதி ஒட்டுகிறீர்கள், பழையதை முன்னால் தள்ளி வைக்கிறீர்கள். துணி உங்களை அப்படி அவசரப்படுத்துவதில்லை. பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் பளிச்சென்று இருக்கும். அவசரப்படுத்தாத பொருள் வீட்டில் சேர்ந்துகொண்டேதான் போகும்.

ஆனாலும், துணி கெடவே கெடாது என்று நினைத்துவிடாதீர்கள். திறந்த தட்டில் மடித்து அடுக்கியிருக்கும் துணி ஒன்றை இன்றைக்கே எடுத்து விரித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்ட மடிப்பு ஓரத்தில் மட்டும் நீளவாக்கில் ஒரு வெளிறிய கோடு ஓடியிருக்கலாம். துவைத்தாலும் அது போகாது, அந்த இடத்தைத் தவிர்த்துத்தான் வெட்ட வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் லேசான ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வார்னிஷ் பூசாத மரத்தட்டில் நேரடியாக வைத்தால், மரத்திலிருந்து வரும் அமிலம் காலப்போக்கில் மஞ்சள் கறையாகப் படியும். கஞ்சி போட்ட துணி என்றால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. கம்பளித் துணியைத் தின்கிற அந்துப்பூச்சி பருத்தியைப் பெரும்பாலும் தொடாது என்பது ஒரு ஆறுதல். பழைய குவில்ட்களை அருங்காட்சியகத்தில் பார்க்க வாய்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பழுப்பு, கறுப்புச் சாயங்களை நிலைநிறுத்த இரும்பு உப்பு சேர்த்தார்கள். இன்று அந்தக் குவில்ட்களில் மற்ற துண்டுகள் எல்லாம் நன்றாக இருக்க, பழுப்புத் துண்டுகள் மட்டும் இற்று உதிர்ந்து, உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப்பார்க்கும். நூலும் கணக்கில் சேர்த்திதான். பழைய பருத்தி நூலை ஒரு முழம் இழுத்து, இரண்டு கையாலும் வெடுக்கென்று சுண்டிப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அதை வைத்துத் தைக்க வேண்டாம். உழைத்துத் தைத்த குவில்ட், துணி நன்றாக இருக்கும்போதே தையல் விட்டுப்போவதைவிட வருத்தமான விஷயம் இல்லை.

சரி, உங்கள் கணவரின் 30 கிலோவுக்கு வருவோம். அவர் எடை போட்டது ரொம்ப நல்ல காரியம். குவில்ட் தைக்கும் பருத்தித் துணி சுமார் 44 அங்குல அகலத்தில் ஒரு கெஜம் ஏறக்குறைய 150 கிராம் வரும். அதாவது கிலோவுக்கு ஆறரை கெஜம். உங்கள் 30 கிலோ என்பது சுமார் 195 கெஜம்.

இனி, நீங்கள் வருஷத்துக்கு எவ்வளவு துணி செலவழிக்கிறீர்கள்? சோபாவில் போர்த்திக்கொள்கிற அளவில் 54க்கு 72 அங்குலக் குவில்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டினால் தைத்த பிறகு ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் ஆகும். அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16, மொத்தம் 192 சதுரம். ஓரம் போக 42 அங்குலம் தேறும் துணியில் ஒரு கெஜத்துக்கு 56 சதுரம் வெட்டலாம். ஆக, மேல்துணிக்கு மூன்றரை கெஜம், சுற்றி ஓரப்பட்டி கட்ட அரை கெஜம். மொத்தம் 4 கெஜம்தான்! வருஷத்துக்கு மூன்று என்றால் 12 கெஜம். 195ஐ 12ஆல் வகுத்தால் 16 வருஷத்துக்கு மேல் வருகிறது.

பயந்துவிடாதீர்கள். இந்தக் கணக்கில் நான் பின்துணியை, அதாவது குவில்ட்டின் அடிப்பக்கம் முழுவதும் போடும் துணியை, இன்னும் சேர்க்கவில்லை. அதே குவில்ட்டுக்குப் பின்துணி, நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக விட்டால், 62க்கு 80 அங்குலம் வேண்டும். 42 அங்குல அகலத் துணியில் 80 அங்குல நீளமாக இரண்டு வெட்டிச் சேர்க்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட நாலரை கெஜம். மேலே போவதைவிடப் பின்னால் போவதுதான் அதிகம். உங்கள் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். என் ஊகம் சரியாக இருந்தால், கால் கெஜம், அரை கெஜம், ஃபேட் குவார்ட்டர் (நீளப் பட்டையாக இல்லாமல் அகலமாக வெட்டிய கால் கெஜம்) என்று சின்னச் சின்னத் துண்டுகள் குவிந்திருக்கும். நாலரை கெஜம் சேர்ந்தாற்போல் எதுவும் இருக்காது. ஒவ்வொரு குவில்ட்டுக்கும் பின்துணி வாங்கத் தனியாகக் கடைக்குப் போகிறீர்கள். போன இடத்தில் கண்ணில் பட்ட இன்னும் நாலு துண்டும் பையில் ஏறுகிறது. இருப்பு குறையாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஏலமும் கிராம்பும் வகை வகையாக நிறைந்து, அரிசி டப்பா எப்போதும் காலியாக இருக்கிற சமையலறைதான் இது.

அதனால் உங்கள் கணவரின் சட்டத்தைக் கொஞ்சம் மாற்றுகிறேன். அவர் சொல்லும் முழுத்தடை எனக்குச் சரியாகப் படவில்லை. 195 கெஜம் இருந்தாலும் வேண்டிய துணி இல்லாமல் போகலாம். பெரும்பாலும் நாம் எல்லோரும் நடுத்தர அழுத்தமுள்ள நிறங்களையே வாங்குகிறோம், அவைதான் கடையில் நம் கண்ணை இழுக்கும். ரொம்ப வெளிர், ரொம்ப அடர் இரண்டும் குறைவாக இருக்கும். ஆனால் ஒரு டிசைன் எடுப்பாகத் தெரிவதே அந்த வேறுபாட்டால்தான். இதைச் சோதிப்பது சுலபம். அலமாரித் தட்டு முழுவதையும் மொபைலில் ஒரு படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணுக்கு வானவில்லாகத் தெரிந்த அடுக்கு, எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக மாறி நின்றால், எது குறைகிறது என்று உடனே புரிந்துவிடும். குறைவதை வாங்குங்கள், அதற்குத் தடை வேண்டாம்.

மளிகைச் சட்டத்தை அப்படியே போட வேண்டிய பகுதியும் ஒன்று உண்டு. வெள்ளை, கிரீம், சாம்பல் என்று மேல்துணியில் டிசைனுக்குப் பின்னணியாகப் போடும் பிளைன் துணி, பின்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, நூல், ஊசி. இவை எப்போதும் கிடைக்கும். இவற்றில் கைவசம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அதற்குக் கீழே இறங்கினால் மட்டும் வாங்குங்கள், பருப்பு வாங்குவது மாதிரியே. ஒரே ஒரு எச்சரிக்கை. பிளைன் துணியில்கூட சாயத் தொகுதிக்குத் தொகுதி நிறம் லேசாக மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்த பிறகு பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குவில்ட்டுக்கு வேண்டிய பின்னணித் துணியை ஒரே உருளையிலிருந்து ஒரே தடவையில் வெட்டி வாங்கிவிடுங்கள்.

இப்போது அந்த 16 வருஷத்துக்கு வழி சொல்கிறேன். பின்துணியையும் இருப்பிலிருந்தே போடுங்கள். பெரிய பெரிய துண்டுகளாக நாலைந்தைச் சேர்த்துத் தைத்தால் அருமையான பின்பக்கம் கிடைக்கும், திருப்பிப் போட்டால் இன்னொரு குவில்ட் மாதிரியே இருக்கும். அப்போது ஒரு குவில்ட்டுக்கு எட்டரை கெஜம் போகும், மூன்றுக்கு இருபத்தைந்தரை. 195 கெஜம் ஏழரை வருஷத்தில் தீர்ந்துவிடும்! கூடுதலாக ஒரு குவில்ட்கூடத் தைக்காமலே காலம் பாதியாகக் குறைகிறது. நேசித்து வாங்கிய துணி பெட்டியில் கிடக்காமல் யாரோ ஒருவர் தோளில் கிடக்கும்.

மளிகையும் துணியும் ஒரே மூட்டையில் வந்த காலமும் உண்டு, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மாவு, சர்க்கரை, கோழித்தீவனம் எல்லாம் பருத்தி மூட்டையில் விற்றபோது, அதைப் பிரித்துத் துவைத்துப் பெண்கள் உடையும் குவில்ட்டும் தைத்தார்கள். இதைக் கவனித்த வியாபாரிகள் 1920களிலிருந்து மூட்டைகளிலேயே பூ டிசைன்களை அச்சிடத் தொடங்கினார்கள். ஒரு பெரிய தீவன மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துணி கிடைக்கும். ஒரு கவுன் தைக்க ஒரே டிசைனில் இரண்டு மூன்று மூட்டை வேண்டும் என்பதால், பெண்கள் மூட்டைகளை மாற்றிக்கொள்வதும், குறிப்பிட்ட டிசைன் மூட்டையையே வாங்கி வரச் சொல்லி அனுப்புவதும் நடந்தது. பிறகு காகிதப் பை வந்து அந்தப் பழக்கம் மறைந்தது. அவர்களுக்குத் துணி சேரும் வேகமும் வீட்டில் சாப்பாடு செலவாகும் வேகமும் ஒன்று. நமக்கு அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. கடைக்குப் போய் ஒரு மணி நேரத்தில் வாங்கியதைத் தைத்து முடிக்க ஒரு மாதம் ஆகிறது.

உங்கள் சமையலறைப் பழக்கம் ஒன்று துணி அறைக்கு அப்படியே பொருந்தும். மீந்ததை அன்றைக்கே எடுத்து வைப்பீர்கள் இல்லையா? ஒரு குவில்ட் வெட்டி முடித்த அன்றே, வெட்டுப்பலகையும் உருளைக் கத்தியும் வெளியே இருக்கும்போதே, மீதித் துண்டுகளை இஸ்திரி போட்டு 5 அங்குலச் சதுரமாகவும் இரண்டரை அங்குலப் பட்டையாகவும் வெட்டிப் போட்டுவிடுங்கள். நாளைக்கு என்று பையில் திணித்தால் அது கசங்கிய குப்பையாகிவிடும், மறுபடி யாரும் தொட மாட்டார்கள். வெட்டி வைத்தது என்றால் எடுத்துத் தைக்க வேண்டியதுதான்.

தேதி ஒட்டும் பழக்கத்தைத் துணிக்குக் கொண்டுவர வேண்டாம். பழசானது என்பதற்காக ஒரு துணியை முதலில் தைக்க வேண்டிய அவசியம் கிடையாது. தேதிக்குப் பதில் அளவை எழுதிச் செருகுங்கள். ‘இரண்டே கால் கெஜம், துவைத்தது’ என்று ஒரு சீட்டு இருந்தால், ஒவ்வொரு தடவையும் விரித்து அளக்கும் வேலை மிச்சம். சிவப்பு, கருநீலத் துணிகளுக்குத் துவைத்ததா இல்லையா என்பது ரொம்ப முக்கியம். சாயம் போகிற துணி ஒன்று போதும், வெள்ளைப் பின்னணி முழுவதையும் கெடுத்துவிடும்.

கடைசியாக, தைக்கவே போவதில்லை என்று மனதுக்குத் தெரிந்த துணிகள். நம் ரசனை மாறியிருக்கும், அல்லது யாரோ கொடுத்ததை மறுக்க முடியாமல் வாங்கியிருப்போம். அவற்றைத் தனியாக எடுத்து, மருத்துவமனைகளுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் போர்வை தைத்துக் கொடுக்கும் குழுக்களுக்கோ, புதிதாகத் தைக்கக் கற்கும் ஒருவருக்கோ கொடுங்கள். கொடுக்கும்போது நாலைந்து துணிகளை நிறம் பொருந்தச் சேர்த்து, கூடவே ஒரு பெரிய துண்டையும் பின்துணிக்கு வைத்துக் கட்டிக் கொடுங்கள். பூஞ்சை வாடை அடிப்பதையும் இழுத்தால் கிழிவதையும் அந்தக் கட்டில் சேர்க்காதீர்கள். வாங்குகிறவர் அன்று மாலையே பிரித்துத் தைக்க உட்காரும்படி இருக்க வேண்டும்.