வாசகர் கேள்வி – பதில்: அடியில் கயிறு திரிக்கும் சைக்ளோன்

கேள்வி: ஃபெல்ட்ஸ்பார் ஈர அரவை மில் ஓட்டுறோமுங்க. பால் மில்லுக்கு அடுத்து 10 அங்குல சைக்ளோன் (கலவையைச் சுழட்டி, மாவை மேல்குழாயிலயும் குறுணையை அடிவழியா மில்லுக்கேயும் அனுப்புற கூம்பு). 200 மெஷ் (0.075 மி.மீ. கண்ணுள்ள சல்லடை) மாவு வேணும். மேல்குழாயிலயே குறுணை வருது. அடியில கெட்டியா, கயிறாட்டம் இறங்குது. பம்ப் பிரஷரைக் கூட்டினா சரியாகுமுங்களா?
– வாசகர், ராசிபுரம்

பதில்: ஆகாதுங்க, இன்னும் மோசமாகும். பிரஷர் ஏறினால் இன்னும் பொடிசான மணலும் சுவரோரம் ஒதுங்கி அடிவாய்க்கு வரும். அங்கேதான் ஏற்கெனவே வழி போதவில்லை.

நன்றாக ஓடும் சைக்ளோனில் அடிவாய்க் கலவை குடை விரித்த மாதிரி சிதறும். நடுவே காற்றுத்தூண் நிற்கும். மணல் வரத்து ஸ்பிகாட்டின் (அடிவாய்த் துளையின்) கொள்ளளவைத் தாண்டினால் காற்றுத்தூண் அடைபட்டு, குறுணை மேலே ஏறிவிடும்.

முதலில் நிறுத்திப் பாருங்கள்: உடைந்த அரவைக் குண்டோ, ரப்பர் லைனர் துணுக்கோ வாயில் சிக்கியிருக்கலாம். பாதித் தொல்லை அதுதான். இல்லையென்றால் ஒரு லிட்டர் குவளையில் அடிவாய்க் கலவையைப் பிடித்து எடை போடுங்கள். 1.75 கிலோ என்றால் திடப்பொருள் சுமார் 70 சதம், சரி. 1.85-ஐத் தாண்டினால் ஸ்பிகாட்டை ஒரு அளவு பெரிதாக்குங்கள். 45 மி.மீ.யை 50 ஆக்கினாலே பரப்பு கிட்டத்தட்ட கால்பங்கு கூடும். அதுவரை மில்லுக்குப் போடும் கல்லைக் குறைத்து ஓட்டலாம்.

சைக்ளோனுக்குள் போகும் கலவையையும் எடை பாருங்கள். 200 மெஷ் வேண்டுமென்றால் லிட்டருக்கு 1.25 கிலோ, அதாவது மூன்றில் ஒரு பங்கு திடப்பொருள், போதும். தண்ணீரை சம்ப்பில் (பம்ப் இழுக்கும் தொட்டியில்) சேருங்கள், மில் வாயில் அல்ல. அங்கே ஊற்றினால் கல் அரைபடாமலே ஓடிவிடும். சம்ப் மட்டம் இறங்கினால் பம்ப் காற்றை இழுத்து பிரஷர் முள் ஆடும். முள் ஆடும்போது எடுத்த அளவு எதற்கும் உதவாது.

குடை விரிந்த பிறகும் குறுணை வந்தால், உள்ளே தொங்கும் மேல்குழாயின் நுனி தேய்ந்து குட்டையாகியிருக்கும். உள்ளே வரும் மணல் சுழலாமலே அதில் ஏறிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: ஸ்பிகாட் தேஞ்சிருச்சுன்னு எப்படிங்க தெரியும்?
– வாசகர், கரூர்

பதில்: குடை அகலமாகி, நீர்த்துச் சிதறும், லிட்டர் எடை 1.6 பக்கம் இறங்கும். அந்தத் தண்ணீரோடு மாவும் மில்லுக்கே திரும்பி, அரைத்ததையே அரைக்கும். கரண்ட் செலவு குறையாது, உற்பத்தி குறையும். குவார்ட்ஸ் ரப்பரைச் சீக்கிரம் தின்னும். வாரம் ஒருமுறை காலிப்பரை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். வாய் வட்டமாகவே தேயாது.